மாத்திரை வாங்கும்போதே நிறுத்தும் நாளைக் கேளுங்கள்

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி தூக்கம் வராத ஆம்பளைக்கு இரண்டு டின் பீர். தூக்கம் வராத பொம்பளைக்கு மாத்திரை. அவர் டாக்டரிடம் போய் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லமாட்டார், கீழே கோப்பிக்கடைக்குப் போவார். அவள் கோப்பிக்கடையில் பீரோடு உட்கார்ந்தால் புளோக் முழுக்கப் பேசும், அதனால் கிளினிக்குக்கு வருவாள். விதிவிலக்குகள் நிறைய. ஆனாலும் சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக்கில் பல வருஷம் கவுண்டரில் உட்கார்ந்து, பேர் பதிந்து, மாத்திரைகளை எண்ணிப் பையில் போட்டுக் கொடுத்த எனக்கு இந்தப் பிரிவினை கண்ணுக்கு நேரே தெரிந்தது.

இதில் எனக்குப் பெரிய வருத்தம், இரண்டு பக்கமும் மற்றதைத் தாழ்வாக நினைப்பது. "நம்மளால சமாளிக்க முடியுது, மாத்திரை கீத்திரைக்கெல்லாம் போகலை" என்பார் அண்ணன். "நான் என்ன குடிக்கவா செய்றேன், டாக்டர் கொடுத்ததைத்தானே சாப்பிடுறேன்" என்பார் அண்ணி. மூளைக்கு இந்த மான அவமானக் கணக்கெல்லாம் தெரியாது. இரண்டும் அங்கே போய்ச் செய்கிற வேலை பெரும்பாலும் ஒன்றேதான்.

மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. நரம்பணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும்போது அவற்றை அடக்கி வைக்கும் பிரேக் அதுதான். பதற்றத்துக்குக் கொடுக்கும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் (டயசெபாம், லோராசெபாம், அல்பிரசோலாம் எல்லாம் இந்தக் குடும்பம்) காபா வந்து ஒட்டும் அதே இடத்தில் வேறொரு பக்கமாக ஒட்டிக்கொண்டு, அந்த பிரேக்கை இன்னும் பலமாக அழுத்துகின்றன. மதுவும் அதே இடத்தில் வேலை செய்கிறது. அதனால்தான் முதல் தடவை இரண்டுமே அவ்வளவு இதமாக இருக்கின்றன. அரைமணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்கும், தோள் இறங்கும், நாளைய கவலை நாளைக்கு என்று தோன்றும். அந்த நிம்மதி பொய்யில்லை. உண்மையிலேயே நிம்மதி கிடைப்பதால்தான் திரும்பக் கை போகிறது.

ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. வெளியிலிருந்து தினமும் பிரேக் அழுத்தப்படுகிறது என்றால், தன் சொந்த பிரேக்கைத் தளர்த்தி ஈடுகட்டிக்கொள்கிறது. சில வாரங்களிலேயே இது தொடங்கிவிடலாம். அப்புறம் மாத்திரை இல்லாத ராத்திரியில் வருவது பழைய பதற்றம் மட்டுமல்ல, அதைவிடப் பெரியது. கை நடுங்கும், வியர்க்கும், சின்னச் சத்தத்துக்குக்கூட உடம்பு தூக்கிவாரிப் போடும். "பாத்தியா, மாத்திரை இல்லாம என்னால இருக்கவே முடியலை, என் நோய் அவ்வளவு பெருசு" என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த நடுக்கத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு மாத்திரை விட்டதன் விளைவு என்று பிரித்துச் சொல்ல யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

இந்தக் குடும்பத்து முதல் மருந்து லிப்ரியம். ஹாப்மன் லா ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்து, 1960இல் விற்பனைக்கு வந்தது. 1963இல் வேலியம், அதாவது டயசெபாம். அதற்கு முன்னால் தூக்கத்துக்குக் கொடுத்த பார்பிச்சுரேட் மாத்திரைகள் கொஞ்சம் கூடினாலே ஆளைக் கொன்றன. அவற்றோடு ஒப்பிட்டால் இவை பாதுகாப்பானவை, அதனால் டாக்டர்கள் நிம்மதியாக எழுதிக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு பிடித்துக்கொள்ளும் என்பதை மருத்துவ உலகம் முழுசாக ஒத்துக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைகள் அத்தனைக்கும் அடிமைத்தனம், நிறுத்தும்போது வரும் பாதிப்புகள் பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னதே 2020இல்தான்.

சிங்கப்பூர் இந்த விஷயத்தில் முன்கூட்டியே விழித்துக்கொண்டது என்று சொல்வேன். 2008இல் சுகாதார அமைச்சு எல்லா டாக்டர்களுக்கும் ஒரு விதிமுறை அனுப்பியது. மொத்தமாகச் சேர்த்து 8 வாரத்துக்கு மேல் ஒருவருக்கு இந்த மாத்திரை தேவைப்பட்டால், குடும்ப டாக்டர் தொடர்ந்து கொடுக்கக்கூடாது, நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இங்கே கிளினிக்கே மருந்தும் கொடுப்பதால், டாக்டருடைய அறைக்கும் மருந்து அலமாரிக்கும் நடுவில் இன்னொருவர் கேள்வி கேட்கும் இடமே இல்லை. அதனால் இந்தக் கட்டுப்பாடு அவசியம்தான். கண்டபடி கொடுத்த டாக்டர்கள் மருத்துவ மன்றத்தின் விசாரணைக்கு ஆளாகி, தொழில் செய்யத் தடை வாங்கியதும் உண்டு.

கவுண்டரில் அதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்த அக்காமார்களிடம் டாக்டர் "இனிமே நான் தர முடியாது, நிபுணர்கிட்ட போங்க" என்று சொன்னதும், அவர்கள் வெளியே வந்து என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "நீ சொல்லிப் பாரும்மா, பத்தே பத்து போடச் சொல்லு." நிபுணர் என்றால் அவர்கள் காதில் விழுவது மனநலக் கழகம், மனநலக் கழகம் என்றால் அந்த மனநல மருத்துவமனையின் பழைய பேரான 'வுட்பிரிட்ஜ்'. மருத்துவமனை புவாங்கோக்குக்கு வந்தது 1993இல், பழைய பேர் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது, ஆனாலும் அந்தப் பேரைச் சொல்லிக் குழந்தைகளை மிரட்டியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பாதிப் பேர் நிபுணரிடம் போகமாட்டார்கள். அடுத்த பேட்டையில் இருக்கும் வேறு கிளினிக்குக்குப் போவார்கள். இல்லையென்றால் ஊருக்குப் போய் வரும் யாரிடமாவது சொல்லி இரண்டு அட்டை வாங்கி வரச் சொல்வார்கள். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரைகளை இங்கே கொண்டுவர சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். உங்கள் உடம்பு தெரியாத ஒருவர் ஊர்க் கடையில் வாங்கிய அட்டைக்கு அளவு சொல்ல ஆளில்லை என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

என் அம்மாவுக்கு இந்த மாத்திரை வந்தது அப்பா இறந்த பிறகு. சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவருக்குத் தூங்கட்டும் என்று ஒரு டாக்டர் லோராசெபாம் கொடுத்தார். கொடுத்ததில் எந்தத் தப்பும் இல்லை. அந்த வாரத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் என்றைக்கு நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. காரியம் முடிந்தது, சொந்தக்காரர்கள் போனார்கள், மாத்திரை மட்டும் போகவில்லை. பகலில் அம்மா மந்தமாக இருந்தார், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார். வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். ஒருநாள் விடிகாலையில் கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பில் அடி. எலும்பு முறியாதது எங்கள் அதிர்ஷ்டம். வயசானவர்கள் விழுவதற்கும், இடுப்பெலும்பு முறிவதற்கும், மறதிக்கும் இந்த மாத்திரைகள் காரணமாவது மருத்துவத்தில் நன்றாகவே தெரிந்த விஷயம்.

பாலிகிளினிக் (அரசாங்க மருந்தகம்) டாக்டர் ஒருவர்தான் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். உடனே நிறுத்தச் சொல்லவில்லை. அளவில் பத்தில் ஒரு பங்கு, அதைவிடக் குறைவு என்று எடுத்து, ஒவ்வொரு குறைப்புக்கும் நடுவில் இரண்டு, நாலு வாரம் விட்டுத்தான் இறக்க வேண்டும் என்றார். ஒரு படியில் கஷ்டமாக இருந்தால் அங்கேயே நின்றுகொள்ளலாம், பழைய அளவுக்கு ஏற வேண்டாம். சீக்கிரம் உடம்பை விட்டுப் போகும் மாத்திரையிலிருந்து டயசெபாம் மாதிரி மெதுவாகப் போகும் ஒன்றுக்கு மாற்றி இறக்குவதும் உண்டு. அல்பிரசோலாமில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் 11 மணி நேரம் ஆகும், டயசெபாமுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோகூட ஆகலாம். அதனால் நடுவில் விழும் பள்ளம் அவ்வளவு ஆழமாக இருக்காது. அம்மாவுக்கு முழுசாக விட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் அழுத ராத்திரிகள் உண்டு. "என்னை ஏன் இப்படிப் படுத்துறீங்க" என்று தம்பியிடம் கோபித்துக்கொண்டார். பிறகு மறதி குறைந்தது. தேக்கா சந்தைக்குத் தானே பஸ் ஏறிப் போய்க் கறிவேப்பிலை விலை பேசும் பழைய அம்மா திரும்பி வந்தார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கவுண்டரில் இதுதான் என் மனசை ரொம்பப் பாதித்தது. பதற்றத்துக்கு நீண்டகால மருந்தாக டாக்டர் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் மாதிரி ஒன்றைச் சொன்னால், "தினமும் சாப்பிடணுமா? ஐயோ, அடிமையாயிடுவேன்" என்று மறுப்பார்கள். அதே ஆள் "வேணும்போது மட்டும் போட்டுக்கங்க" என்று கொடுத்த அல்பிரசோலாமைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ். முதல் வகை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டும், விடும்போது இதையும் மெதுவாகத்தான் விட வேண்டும். ஆனால் இன்னும் இன்னும் வேண்டும் என்று ஏங்க வைக்காது. இரண்டாவது வகை அரைமணியில் கேட்கும், அந்த அரைமணிதான் பொறி. உடனே கேட்கிறது என்பதற்காக ஒரு மருந்தை நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று சொல்லும் பேச்சு சிகிச்சை தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது, பதற்றத்துக்கும் முதலில் தர வேண்டியவற்றில் ஒன்று என்று உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. தூக்கத்துக்கு அது சொல்வதில் பாதி நம் பழக்கத்துக்கு நேர் எதிர். தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையில் புரளாதே, எழுந்து வேறு அறைக்குப் போ; எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திரு; பகலில் படுக்காதே. முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான், பிறகு பலன் நிற்கிறது. சாயங்காலக் கோப்பியையும் பார்க்க வேண்டும். கேஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்குக் குடித்த 'கோப்பி கவ்' (கெட்டிக் கோப்பி) பதினோரு மணிக்கும் உடம்பில் பாதி இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கும் பாதுகாவல் அதிகாரிகளிடம் இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கும். அவர்களுக்கு அந்தக் கோப்பிதான் வேலையைக் காப்பாற்றுகிறது.

சரி, பீருக்கு வருவோம். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ராத்திரி 10.30இலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடையில் வாங்கிப் போகவும் முடியாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் இன்னும் கடுமை. தெரு அமைதியானது, நல்லதுதான். ஆனால் நான் கவலைப்படும் குடி தெருவில் இல்லை. வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு தனியாகக் குடிப்பது. ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனை நினைத்து, வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் குடிப்பது. சத்தம் போடமாட்டார், அடிக்கமாட்டார், காலையில் வேலைக்கும் போய்விடுவார். அதனால் வீட்டில் யாரும் அதைப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அவர் குடிப்பது சந்தோஷத்துக்காக இல்லை, தூங்குவதற்காக. மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் ராத்திரியின் பின்பாதியைக் கெடுக்கும். விடிகாலை மூணு மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்காரும் பலருக்கு, அந்தப் படபடப்பே பத்து மணிக்குக் குடித்ததன் மிச்சம்தான்.

மாத்திரையும் மதுவும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால் கதையே வேறு. தனித்தனியாகத் தாங்கிய அளவுகூடச் சேரும்போது மூச்சை மந்தமாக்கி நிறுத்திவிடலாம். கணவர் குடிக்கிறார், மனைவி மாத்திரை சாப்பிடுகிறார் என்ற வீட்டில், தூக்கம் வராத ஒரு ராத்திரி அவர் அவளுடைய பையிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் டாக்டர் இந்த மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் "வீட்டில் யாராவது குடிப்பாங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்தது ரொம்பக் குறைவு.

அடுத்து நான் சொல்வது சிலருக்குக் கோபத்தைத் தரலாம். தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் சபரிமலைக்கும் விரதம் இருக்கும்போது நம் ஆண்கள் பலர் ஒரே நாளில் குடியை விடுகிறார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு இது நல்லதே. விரதத்தில் விட்டு அப்படியே மறந்தவர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு. ஆனால் தினமும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று விட்டால், சில மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சித்தம் கலங்கி இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது. வீட்டிலோ சாமி வந்திருக்கிறது என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள், விபூதி பூசிப் படுக்க வைப்பார்கள். விபூதி பூசுங்கள், கூடவே ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள். மாலை போடுவதற்குச் சில வாரம் முன்னாலேயே டாக்டரிடம் போய், எவ்வளவு குடிக்கிறேன், எப்போது விடப் போகிறேன் என்று சொன்னால், பாதுகாப்பாக விட வழி செய்வார். மருத்துவமனையில் இந்த நடுக்கத்தை அடக்க என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? டயசெபாம் குடும்பத்து மாத்திரைகளையே, சில நாளைக்கு, குறைத்துக்கொண்டே போகும் அளவில். அண்ணனுடைய பாட்டிலும் அண்ணியுடைய மாத்திரையும் மூளையில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களும் இதை மறைக்கக்கூடாது. முழங்கால் ஆபரேஷனுக்கு வார்டில் சேர்ந்த அங்கிள் இரண்டாம் ராத்திரி குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடினால், பிள்ளைகள் மயக்க மருந்தைக் குறை சொல்வார்கள். குடியோ மாத்திரையோ திடீரென்று நின்றதும் காரணமாக இருக்கலாம். சேரும்போது தாதி "குடிப்பீங்களா, தூக்க மாத்திரை சாப்பிடுவீங்களா?" என்று கேட்பது இதற்காகத்தான். பக்கத்தில் மருமகள் நிற்கிறாள் என்று "எப்பவாச்சும்" என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் கொஞ்சம் வெளியே போய் நின்றால், அங்கிள் உள்ளதைச் சொல்வார்.

வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். 2020இல் முத்தரப்பு வழிகாட்டி (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து போட்ட வேலை நியமன வழிகாட்டி) மாறியதிலிருந்து, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலாளி மனநோய் பற்றி விசாரிக்கக்கூடாது என்பது நடைமுறை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்திலும் மனநலப் பிரச்சினை காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் விதி இருக்கிறது. செலவு ஒரு கவலை என்றால், பதற்ற நோய்க்கான தொடர் சிகிச்சைக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாம். பாலிகிளினிக்கில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

முதல் தடவை இந்த மாத்திரையைக் கையில் வாங்கும்போது டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இது எத்தனை நாளைக்கு? எந்தத் தேதியில் நிறுத்துவோம்? நிறுத்திய பிறகு பதற்றத்துக்கு என்ன செய்வோம்? டாக்டர் அவசரத்தில் இருந்தாலும் கேளுங்கள். கிளினிக்கில் காத்திருக்கும் கூட்டத்தை நினைத்து நாக்கை அடக்கிக்கொள்ள வேண்டாம்; அந்தக் கூட்டத்தை வருஷக்கணக்காகச் சமாளித்தவள் சொல்கிறேன், இரண்டு நிமிஷம் கூடுதலாக எடுத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஏற்கெனவே மாசக்கணக்காகச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே அட்டையைக் குப்பையில் போட வேண்டாம். அதே அளவில் தொடருங்கள், இந்த வாரம் டாக்டரைப் பாருங்கள். மது, மாத்திரை இரண்டுக்கும் மனநலக் கழகத்தில் இருக்கும் தேசிய அடிமைத்தன நிர்வாகச் சேவையின் எண் 6732 6837. இரவோ பகலோ பேச யாராவது வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771, உயிரை விட்டுவிடலாம் போல இருந்தால் சமாரித்தன்ஸ் 1767. பேசும்போது தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். அம்மாவுக்கோ அத்தைக்கோ ஆங்கிலம் வராது என்றால், நீங்களே கூட உட்கார்ந்து ஃபோனைப் போட்டுக் கொடுங்கள்.